கண்ணாடிக்குள் பதினெட்டுப் பேர்

பீல் நகரத்து அணியின் பஸ்ஸைப்
பதினோரு வருஷமாய் ஓட்டுகிறேன்.
ஆட்டம் எனக்குப் பாதிதான் தெரியும்.
மீதி நேரமெல்லாம்
பஸ்ஸை எங்கே நிறுத்துவதென்று
பொலிசோடு வாய்த்தர்க்கம்.

ஆனால் என் தலைக்கு மேலே
நீளமான ஒரு கண்ணாடி.
அதற்குள் பதினெட்டுப் பேர்.
வென்று வந்தால் பின்வரிசை நிறைந்திருக்கும்.
தோற்று வந்தால்
ஆளுக்கொரு ஜன்னல்.

லுகானோவில் அன்றைக்கு
மருந்துப் பெட்டி கொடுக்கப் போனவன்
கோட்டோரம் நின்றுவிட்டேன்.
தொண்ணூற்றிரண்டாவது நிமிஷம்.
நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு.
தண்ட உதை.

பந்து கப்டன் ஷெத்லாவின் கையில்.
முப்பத்துநாலு வயது,
ஒரு முழங்காலில் எப்போதும் கட்டு.
பெசார் ஓடிவந்தான். பத்தொன்பது வயது.
கேட்கவில்லை. பறித்தான்.
ஷெத்லாவின் கைகள்
கொஞ்ச நேரம்
பந்தின் வடிவத்திலேயே இருந்தன.

பந்து கம்பத்துக்கு மேலால் போய்
ஐஸ்கிரீம் விற்கிறவரின் குடையில் விழுந்தது.

பிறகு ஒலிவாங்கிகள்.
"யார் உதைக்கிறதெண்டு நான்தான் சொன்னனான்.
அவனை விடுங்கோ, என்னைக் கேளுங்கோ."
முதலில் பிரெஞ்சில்,
அடுத்து ஜெர்மனில்,
கடைசியில் காலுடைந்த இத்தாலியனில்.
மூன்று மொழியிலும் ஒரே பொய்.
நான் என்னுடைய மொழியில்
வாயை மூடிக்கொண்டேன்.

பெலின்சோனா தாண்டி
பெட்ரோல் நிலையத்தில் இருபது நிமிஷம்.
எல்லோரும் கழிவறைப் பக்கம் போக
ஷெத்லா மட்டும் லொறிகளுக்குப் பின்னால் போனான்.
யாரும் பார்க்கவில்லையென்று நினைத்திருப்பான்.
குப்பைத்தொட்டியை உதைத்தான்,
மூன்று தரம்,
நொந்த காலாலேயே.
நான் டயரைக் குனிந்து பார்த்தேன்,
காற்றெல்லாம் சரியாய்த்தான் இருந்தது.

திரும்பி வரும்போது இரண்டு பைக்கற் சிப்ஸ்.
ஒன்றைப் பெசாரின் மடியில் போட்டான்.
பக்கத்தில் இருக்கவில்லை,
தோளில் தட்டவில்லை.
நாலு வரிசை தள்ளிப் போய்
மற்றப் பைக்கற்றைத் தான் உடைத்தான்.

கொத்தார்ட் சுரங்கம் பதினேழு கிலோமீற்றர்.
மஞ்சள் விளக்குகள் ஒவ்வொரு முகத்தையும்
எண்ணிக்கொண்டு போயின.
பின்னுக்கிருந்து இம்போடன்
ஐஸ்கிரீம் குடையைப் பற்றி ஏதோ சொல்ல
இரண்டு பேர் சிரித்தார்கள்.
"இம்போடன்," என்றான் ஷெத்லா.
பெயரை மட்டும்தான்.
சுரங்கம் முடியும்வரை
எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

இரவு இரண்டு மணிக்கு
பஸ் கூட்டும்போது
இருக்கை இடுக்கில் அவனுடைய கைப்பட்டி.
இழுவை செத்துப்போன பழைய பட்டி.
சும்மா என் கையில் போட்டுப் பார்த்தேன்,
சுருக்கென்றது.
உள்பக்கம் ஒரு ஊசி குத்தி வைத்திருக்கிறான்.
நடுவர் கண்டிருந்தால்
கழற்றச் சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை கொடுத்தேன்.
"புதுசு வாங்கித் தருகினமாம்,
மூண்டு வருஷமாய்ச் சொல்லுகினம்," என்றான்.
அப்போதுதான் பெசார் சைக்கிளில் வந்து இறங்கினான்.
ஷெத்லா அவனை வேலியோரம் கூட்டிப்போனான்.
நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்,
காதைத் துடைக்க முடியாதே.

"இன்னொருக்கால் என்ர கையில இருந்து பறிச்சியெண்டால்
அடுத்த கிழமை முழுக்கப்
பந்து பொறுக்கிற பிள்ளைகளோடதான் நிப்பாய்.
கேள். வாய் இருக்குத்தானே.
கேட்டிருந்தால் தந்திருப்பன்."

பெடியனின் காது இரண்டும் சிவந்துபோச்சு.
அழுவானென்று நினைத்தேன்.
"நீங்கள் உதைச்சிருந்தால் போயிருக்குமா?"
என்று கேட்டான்.
ஷெத்லா யோசித்தான்.
நேர்மையாய் யோசித்தான், அது தெரிந்தது.
"தெரியாது," என்றான்.

போன சனிக்கிழமை தூனில்
இன்னொரு தண்ட உதையாம்.
நான் வெளியில்.
பொலிஸ்காரி பஸ்ஸை நகர்த்தச் சொல்லி நிற்கிறாள்,
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு பெரிய மௌனம்,
பிறகு இரைச்சல்.
யாருடைய இரைச்சலென்று பிடிபடவில்லை.

இரவு கண்ணாடியில் பார்த்தேன்.
பின்வரிசை நிறைந்திருந்தது.
ஷெத்லா முன்னுக்கு, காலை நீட்டி,
முழங்காலில் பனிக்கட்டி.
நாலு வரிசை தள்ளிப் பெசார்.
இரண்டு பேர் கையிலும் சிப்ஸ்.

யார் உதைத்ததென்று மட்டும்
தெரியவில்லை.
நானும் கேட்கவில்லை.